நான்காவது சுளை

அத்தியாயம் 6

ஒரு பருத்திக்காய் வெடித்தால் அதில் எத்தனை சுளை இருக்கும் என்று கரீம் பாய் கேட்டபோது என் வாய் நிறைய போண்டா இருந்தது. அதனால் விரலைக் காட்டினேன். முதலில் மூன்று, பிறகு சந்தேகம் வந்து ஐந்து. நான் பல்லடத்துக்காரன். எங்கள் ஊருக்குப் பருத்தி நூலாகத்தான் வந்து இறங்கும். கோழியைப் பற்றிக் கேட்டிருந்தால் அது முட்டைக்குள் இருக்கும்போதே ஜாதகம் சொல்லியிருப்பேன்.

பாய் சிரிக்கவில்லை. மேசைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்து, பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே எங்கள் துப்பறியும் அலுவலகம். துப்பறிபவர் கரீம். அவருக்கு எடுபிடி, ஓட்டுநர், வாயாடி எல்லாம் பாலுசாமியாகிய நான். அன்று சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் நாங்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மெஹராஜ் என்கிற, ஒரு பாவமும் அறியாத பெண்மணியைப் போலீஸ் அழைத்துப் போய்விடும்.

விஷயம் இதுதான். சிங்காநல்லூரைத் தாண்டி நொய்யல் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அங்கே ஒரு வீரிய ஒட்டு ரகத்தை உருவாக்கியிருந்தார்கள். அதற்கு மூலமான விதை மூட்டை போன மாதம் பட்டப்பகலில், வாசல் வழியாகவே, ஒரு வேனில் ஏறி வெளியே போய்விட்டது. "கழிவு விதை" என்று எழுதிய கேட் பாஸ் கையோடு இருந்தது. காவலாளி சின்னானுக்கு எழுத்துப் படிக்க வராது. நிலையத்தின் முத்திரையில் இருக்கும் பருத்திக்காய் படத்தைப் பார்த்துத்தான் கேட்டைத் திறப்பார். படம் இருந்தது, திறந்துவிட்டார். இப்போது ஒரு தனியார் விதைக் கம்பெனி அதே ரகத்தை வெளியிடப் போவதாகப் பேச்சு.

முத்திரை இருப்பது விதைக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மெஹராஜின் இழுப்பறையில். சாவி பதினாறு வருடமாக அவர் கைப்பையை விட்டு இறங்கியதில்லை. பாஸில் இருந்த கையெழுத்தும் அவருடையது போலவே இருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேராகப் போலீசுக்குப் போக இருந்த நிலையத் தலைவி பங்காரம்மாவைத் தடுத்து, எங்களுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் டாக்டர் வரதராஜுலு. அந்த ரகத்தை உருவாக்கிய விஞ்ஞானி. கரீம் பாயோடு ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். "கரீம் என் முப்பது வருட நண்பன். அவன் சொல்வதை அப்படியே நம்பலாம்" என்று தலைவிக்குக் கடிதமே எழுதிக் கொடுத்தார். அதன் நகல்தான் எங்கள் ஃபைலில் முதல் தாள். எங்களுக்கு உலகத்தில் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது என்பதால் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமைகூட வந்திருந்தார். வேகவைத்த கடலை வாங்கி வந்து, கட்டைவிரல் நகத்தால் கீறிக் கீறி எங்களுக்கும் கொடுத்துக்கொண்டு, விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னோம். அடுத்த வாரம் பக்ரீத். வருடா வருடம் பாய் வீட்டில் அவருக்கு ஒரு தட்டு உண்டு. அதையும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

"எண்ணிப் பாத்தியா?" என்றார் பாய்.

பார்த்தேன். முதல் தாள் நிலையத்தின் கடிதத்தாள். வட்டத்துக்குள் ஒரு வெடித்த பருத்திக்காய், கீழே ஆற்று நீர் போல இரண்டு அலைக்கோடு. காயில் மூன்று சுளைகள். இரண்டாவது அந்தக் கேட் பாஸ். அதே வட்டம், அதே அலை. காயில் நான்கு சுளைகள்.

போண்டா தொண்டையில் நின்றது. இந்தப் பாஸை ஒரு மாதமாகத் தலைவி பார்த்தார், மேனேஜர் பார்த்தார், வக்கீல் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். ஒருத்தரும் எண்ணவில்லை.

இழுப்பறையில் அசல் முத்திரையை வைத்திருக்கும் ஆள் எதற்காகக் கள்ள முத்திரை செய்யப் போகிறார்? அசல் கைக்கு எட்டாத யாரோதான் செய்திருக்க வேண்டும். மெஹராஜ் அக்கா சாவியை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததால்தான் திருடனுக்கு இந்த வேலையே வந்திருக்கிறது. உடனே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்று ரிசீவரை எடுத்தேன்.

பாய் அதை வாங்கி வைத்துவிட்டார். "நேர்ல சொல்லலாம். சந்தோசப்படுவான்" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது.

*

எழுத்து முத்திரை என்றால் ஊரில் யாரும் செய்வார்கள். படம் போட்ட முத்திரைக்குத் துத்தநாகத் தகட்டில் படத்தை அரித்து அச்சு பிளாக் எடுக்க வேண்டும். கோவையில் அதை ஒழுங்காகச் செய்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் மூன்று மாதமாகக் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தார். இன்னொருவர் ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால், ஆள் திரும்ப முடியாத ஒரு கடையில் உட்கார்ந்திருக்கும் அப்துல் நாசர். பாய்க்குக் கோட்டைமேட்டில் பக்கத்துத் தெருக்காரர்.

நாசரின் வலது கண்ணில் கடிகாரக்காரர்கள் வைக்கும் லென்ஸ் ஒட்டிக்கொண்டே இருந்தது. எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கேட் பாஸை மட்டும் வாங்கிப் பார்த்து, தன் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். செய்து கொடுக்கும் ஒவ்வொரு முத்திரையையும் ஒரு நோட்டில் குத்தி வைப்பார். பக்கத்திலேயே வாடிக்கையாளர் கொடுத்த மாதிரியையும் ஒட்டி வைப்பார். நாளைக்கு வந்து நான் இப்படியா கேட்டேன் என்று சண்டைக்கு நிற்பவர்கள் அதிகமாம். நோட்டைப் புரட்டினார். முத்திரை இருந்தது. பக்கத்தில், ஒரு சின்ன வெள்ளைக் காகிதப் பையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் பென்சிலால் வரைந்த பருத்திக்காய். நான்கு சுளை. காம்பு இடது பக்கமாக ஒரு கொக்கி போல வளைந்திருந்தது. நல்ல கைவேலை.

"கொண்டு வந்தது யாருன்னு ஞாபகம் இருக்குங்களா?" என்றார் பாய்.

"மொகத்த யாருங்க பாய் பாக்கறா? இந்த லென்ஸுல கைதான் தெரியும்." நாசர் யோசித்தார். "ஆம்பளக் கை. வலது கட்டைவெரல் நகத்த மட்டும் நீளமா வளத்திருந்தாரு. ஓரமெல்லாம் பச்சையா கறை புடிச்சிருந்துச்சுங்க."

"வீணை வித்வான் வெத்தலை போடறவராட்டிருக்குங்க" என்றேன் நான்.

பாய் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, சட்டைப்பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டார். வெளியே வந்து ஸ்கூட்டரை உதைக்கச் சொன்னவர், வழிநெடுக என் வாய்க்கு ஒரு ம் கூடக் கொட்டவில்லை. நான் அதை வெயில் என்று நினைத்தேன்.

*

அவிநாசி ரோடு பங்களாவில் பங்காரம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். எழுபதை நெருங்கியவர். நிலையத்தை ஆரம்பித்த மில் முதலாளி கோபாலசாமியின் மனைவி. கணவர் இறந்தபின் எட்டு வருடமாக அவர்தான் தலைவி.

பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சின்னத்தில் மூன்று சுளை ஏன்? முன்னே பின்னே எப்போதாவது நான்கு போட்டதுண்டா?

எனக்கு அந்த மூன்றுக்கு அர்த்தம் தெரியும். நிலையத்தின் வரவேற்பறைச் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். முதல் சுளை உழவர், இரண்டாவது நெசவாளர், மூன்றாவது ஆராய்ச்சியாளர். மூவரும் ஒரே காம்பில் பூத்தவர்கள். அதைச் சொல்லிக் காட்டினேன். அம்மா சிரித்தார். அதெல்லாம் திறப்பு விழாவில் பேச ஒரு தமிழ் வாத்தியார் பிறகு எழுதிக் கொடுத்ததாம்.

"எங்கூட்டுக்காரரு எங்க பருத்திக் காட்டுல இருந்து ஒரு காயப் பறிச்சுட்டுப் போயி, ஓவியர் மேசை மேல வெச்சாருங்க. இத வரைங்கன்னாரு. அவ்வளவுதான் அர்த்தம். அப்ப எங்க காட்டுல கருங்கண்ணி. நாட்டுப் பருத்தி. அதுல மூணு சுளைதான் வரும். இப்ப நிலையத்துல இருக்கறதெல்லாம் வேற சாதி, நாலு அஞ்சுன்னு வெடிக்குது. சின்னம் மட்டும் மாறல. மாத்த நான் உடலை."

அப்புறம் அம்மா தன்பாட்டுக்கு ஒன்று சொன்னார். மெஹராஜை நினைத்தால் தனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் கண்ணீரைப் பார்த்து விட்டுவிட்டால் நாளைக்கு நிலையத்தில் இருக்கும் அறுபது பேரில் யாரை நம்புவது? திங்கட்கிழமை பதினோரு மணி என்பது பதினோரு மணிதான்.

வாசலில் பாய் நின்று, தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னத்தப் பாத்து வரைஞ்சவன் மூணு போட்டிருப்பான் பாலு. இவன் பாக்காமையே வரைஞ்சிருக்கான். நாலு சுளையவே தெனமும் பாத்துப் பழகுனவன். தனக்குத் தெரியாததான்னு நெனச்சவன்."

*

சிங்காநல்லூர் தாண்டி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. பாய் ஆபீசுக்குள் போகாமல் பருத்திக் காட்டுக்குள் இறங்கினார். இடுப்பளவு பருத்திச் செடிகள். அடிக்கிளைகளில் முன்பே வெடித்த காய்கள் நின்றன. ஐந்தாறு காய்களை நானே பிடித்து எண்ணினேன். எல்லாம் நான்கு.

வரிசை வரிசையாகப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாளைக் காலை மலரப்போகும் மொட்டைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் ஒரு கீறு கீறி, இதழையும் மகரந்தத்தையும் ஒரே திருகில் உரித்து எடுத்தார்கள். பிறகு மொட்டுக்கு ஒரு சின்ன வெள்ளைக் காகிதப் பையை மாட்டினார்கள். கத்தரிக்கோல் போட்டால் சூல் அடிபடுமாம், நகம்தான் சரி என்றார் ஒரு அம்மணி. எல்லோருடைய வலது கட்டைவிரல் நகமும் நீளமாக, பச்சைக் கறையோடு இருந்தது.

"ஆம்பளைங்க யாரும் இந்த வேலைக்கு வரமாட்டாங்களா?" என்று பாய் கேட்டார்.

"எங்கீங்க வராங்க? டாக்டர் ஒருத்தர்தான். முக்கியமான செடிய எங்கள நம்பி உடமாட்டாரு, அவரே செய்வாரு."

வேகவைத்த கடலை ஞாபகம் வந்தது. பாயைப் பார்த்தேன். அவருக்கு ஒப்பணக்கார வீதியிலேயே தெரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் அது டாக்டர் இல்லை என்று ஆகிவிடாதா என்ற ஆசையில்தான்.

டாக்டர் வரதராஜுலு தன் அறையில் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து பாயின் தோளில் கை போட்டார். காபி சொன்னார். பாய் கள்ள முத்திரை விஷயத்தை மட்டும் சொன்னார். அதில் சின்னம் எங்கே தவறிப்போனது என்பதைச் சொல்லவில்லை.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்ப மெஹராஜ் தப்பிச்சுக்குவாங்க. நல்ல சேதிடா" என்றார். எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்று சொல்லி மாளாது.

"உங்க சின்னம் எப்படி இருக்கும்னு எனக்கு ஒருக்கா வரைஞ்சு காட்டு. நான் எங்கியோ கோட்டை உட்டர்றேன்" என்றார் பாய்.

டாக்டர் தன் பெயர் அச்சடித்த தாளை இழுத்து, அரை நிமிடத்தில் வரைந்து தள்ளினார். வட்டம், அலை, காய். காம்பு இடது பக்கமாகக் கொக்கி போல வளைந்தது.

"அதுக்கு என்னமோ அர்த்தம் சொல்லுவாங்களே?"

"சுவத்துல எழுதியிருக்குமே. உழவர்." பென்சில் முனையை முதல் சுளையில் வைத்தார். "நெசவாளர்." இரண்டாவது. "ஆராய்ச்சியாளர்." மூன்றாவது.

பென்சில் பழக்கத்தில் நான்காவது சுளைக்கு நகர்ந்தது. அங்கே அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியே நின்றது.

பாய் சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றினார். பிரித்த காகிதப் பையை எடுத்து அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தார். ஒரே கை, ஒரே காம்பு, ஒரே நான்கு. காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுக்கவில்லை. பன்னிரண்டு வருட உழைப்பில் பிறந்த ரகத்துக்குக் கோபாலசாமியின் பெயரை வைப்பதாக நிர்வாகம் முடிவு செய்திருந்ததாம். செத்தவருக்குப் பெயர், நகம் தேய்ந்தவனுக்கு ஒரு சால்வை. கம்பெனிக்காரன் இவர் பெயரையே ரகத்துக்கு வைக்கிறேன் என்றானாம்.

"அதுக்கு மெஹராஜ் ஜெயிலுக்குப் போகோணுமா?"

"வேலைய உட்டுத்தான் நிறுத்துவாங்கன்னு நெனச்சேன். போலீசு வரைக்கும் போகும்னு நெனைக்கல."

எனக்கு அந்த மனிதரை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. பாய் குரலை உயர்த்தவே இல்லை.

"சரி. இந்த வேலைக்கு என்னைய ஏன்டா கூப்புட்ட?"

டாக்டர் தன் கட்டைவிரல் நகத்தைத் தேய்த்தார்.

"வேற எவன் வந்தாலும் என்னையும் சேத்தி விசாரிப்பான். நீ என்னைய விசாரிக்க மாட்டேன்னு தெரியும்."

கரீம் பாய் திருட்டைப் பார்த்திருக்கிறார், கொலையைப் பார்த்திருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவர் முகம் செத்துப்போனது. முப்பது வருடமாக நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததை, எதிராளி ஒரு வசதியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"அந்தப் பேப்பரக் கிழிச்சுப்போடு கரீம்" என்றார் டாக்டர். "ஒண்ணும் தெரியலீன்னு சொல்லிரு. நீ சொன்னா அம்மா நம்புவாங்க. நாந்தான் எழுதிக் குடுத்திருக்கேனே."

பாய் இரண்டு தாள்களையும் மடித்து எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் தானே போய் அம்மாவிடம் சொல்லிவிடும்படி டாக்டருக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். அது அவர் கடைசியாகக் காட்டிய நட்பு.

*

அந்த ஒரு நாளை டாக்டர் வீணாக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு நாங்கள் பங்களாவுக்குள் நுழைந்தபோது அவர் அங்கே முன்பே உட்கார்ந்திருந்தார். மெஹராஜ் அக்கா சுவர் ஓரமாக, சாவி இல்லாத கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பாய் இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லி முடித்தார். அம்மா படங்களைப் பார்த்தார். தொடவில்லை.

"நேத்து வரதராஜுலு வந்திருந்தாருங்க. நீங்க இப்படி ஒரு படத்தக் கொண்டாருவீங்கன்னு சொன்னாரு. சும்மா வரைஞ்சு குடுன்னு கேட்டு வாங்கி, அதப் பாத்து இன்னொண்ணு செஞ்சுட்டீங்களாம்." அம்மா கொஞ்சம் தயங்கினார். "நீங்க, அந்த சீல் செய்யறவரு, மெஹராஜ், எல்லாம் ஒரே ஆளுங்களாம். ஒருத்தர ஒருத்தர் உட்டுக்குடுக்க மாட்டீங்களாம்."

மெஹராஜ் அக்கா அப்போதுதான் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

முப்பது பக்ரீதுக்குத் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் சொன்ன வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது? பாய் ஃபைலைத் திறந்து, நான் கண்ணாடி போடச் சொன்ன அந்த முதல் தாளை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

"எனக்கு வேற சாட்சி இல்லீங்கம்மா. இது அவரு எழுதினது."

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். கரீம் என் முப்பது வருட நண்பன். அவன் சொல்வதை அப்படியே நம்பலாம். பிறகு கேட் பாஸை எடுத்து அதன் தேதியைப் பார்த்தார். போன மாதம். அதில் குத்தியிருந்த காயின் காம்பை, டாக்டரின் பெயர் அச்சடித்த தாளில் இருந்த காம்போடு வைத்துப் பார்த்தார். இரண்டிலும் அதே கொக்கி.

"பாஸ் போன மாசத்துது. இந்தப் படம் முந்தாநேத்து. முந்தாநேத்து வரைஞ்சதப் பாத்துப் போன மாசம் சீல் செய்ய முடியுமுங்களா?" என்று டாக்டரைக் கேட்டார். "பத்து நாளைக்கு முன்னால இவர நம்பச் சொன்னீங்க. நேத்து நம்பாதீங்கன்னீங்க. நீங்க மொதல்ல சொன்னதையே நான் எடுத்துக்கறேன், வரதராஜுலு."

அப்புறம் எழுந்து போய், இழுப்பறைச் சாவியைக் கொண்டு வந்து மெஹராஜ் அக்காவின் கையில் வைத்தார். சரியாக மணி பதினொன்று. போலீசுக்குப் போன் போனது, ஆனால் வேறு பெயரைச் சொல்லி.

மெஹராஜ் அக்கா சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. டாக்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்களே டாக்டர். பதினாறு வருசமா யாருக்கும் குடுக்காத சாவி. நீங்க கேட்டிருந்தா, எதுக்குன்னுகூடக் கேக்காம குடுத்திருப்பனுங்க."

அவர் அதற்கும் ஜன்னலைத்தான் பார்த்தார்.

திரும்பும் வழியில் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். என் தொழிலே பேசுவது, எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? பக்ரீதுக்கு டாக்டருடைய தட்டு மிஞ்சிவிடுமே, அதையும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

பாய் என் தோளில் கை வைத்தார்.

"உனக்கு எப்பவும் ரெண்டு ஆள் சோறுதான் கண்ணு. அது உண்டு. அந்த எடம் மட்டும் காலியாவே கெடக்கட்டும்."

பச்சை விழுந்தது. நான் வண்டியை எடுத்தேன்.